வேறு மாத்திரை ஏதாவது?

முதல் தடவை அது வந்தபோது என் மகளின் முகத்தில் ஒரு கண் காணாமல் போனது. அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கண் இருந்தது, மூக்கு இருந்தது, இன்னொரு கண் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. கறுப்பாகக்கூட இல்லை. முகமே அவ்வளவுதான் என்பதுபோல முடிந்திருந்தது. தலையை லேசாகத் திருப்பினேன். கண் வந்துவிட்டது, காது போய்விட்டது.

"ஆ காட்டிக்கினுதாம்மா கீறேன்" என்றாள் மகள். இட்லித் துண்டோடு என் கை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் காற்றில் நின்றிருந்தது.

பிறகு அந்த வெற்றிடத்தின் ஓரத்தில் ரம்பப் பல் போல ஒரு கோடு மினுங்க ஆரம்பித்தது. உடைந்த கண்ணாடி வளையலை வெயிலில் கொட்டியது மாதிரி. ஒரு கண்ணை மூடினேன், மற்றதை மூடினேன், இரண்டையும் மூடினேன். மினுங்கல் எங்கேயும் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து பார்வையின் விளிம்புக்குப் போய்க் கரைந்தது. அப்பாடா என்று நினைக்கும்போது வலி வந்தது, ஒரு பக்கப் பொட்டில், உள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல. அன்று மதியம் வரை வாந்தி.

அத்தை உடனே காரணம் கண்டுபிடித்தார். அத்தை என்றால் என் கணவரின் அம்மா. தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டியதில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில் பகல் முழுக்க அவரும் நானும் குழந்தையும்தான். கணவர் இருட்டோடு பெங்களூர் ரயிலைப் பிடித்தால், மகள் தூங்கிய பிறகுதான் திரும்புவார்.

"காத்து காலத்துல துணி காயப்போடாதன்னு சொன்னா கேக்கறியா? சயனைடு மேட்டுத் தூசி கண்ணுல பூந்துகிச்சு" என்றார்.

மூடிப்போன சுரங்கத்தின் வெள்ளை மண்மேடுகளிலிருந்து ஆடிக் காற்றில் தூசி பறந்து வரும். எங்கள் ஊரில் இருமலுக்கும் அதுதான் காரணம், முடி கொட்டுவதற்கும் அதுதான். பத்தாவதில் பிள்ளை ஃபெயிலானால்கூட ஒருவேளை அதுதான். நான் தலையாட்டினேன். தூசியாக இருந்தால் நல்லது என்றுதான் எனக்கும் இருந்தது.

இரண்டாவது தடவை வந்தபோது கைப்பேசியில் தேடினேன். தலைவலியோடு பார்வை மங்கினால் என்ன காரணம்? ரத்த அழுத்தம். கண்ணுக்குள் அழுத்தம். மூளைக்காய்ச்சல். ஐம்பது வயதுக்கு மேல் வரும் ஒரு ரத்தக்குழாய் அழற்சி. அதைப் படித்ததும் எனக்கு ஐம்பது ஆகவில்லை என்று ஒரு நிம்மதி. அடுத்த வரியில் மூளைக் கட்டி, நிம்மதி போய்விட்டது. குழம்பு தாளித்துக்கொண்டே தாடையை நெஞ்சில் தொட்டுப் பார்த்தேன், கழுத்து வளைந்தது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினேன், இரண்டும் சமமாக நின்றன. ஒற்றைக் கண்ணை மூடி, சுவரில் மாட்டியிருந்த வேதவசன காலண்டரின் பொடி எழுத்தைப் படித்தேன். தெரிந்தது. தெரிகிறதா, இல்லை அந்த வசனம் மனப்பாடம் என்பதால் தெரிகிறமாதிரி இருக்கிறதா? காலண்டர் தாளைப் புரட்டி அடுத்த நாளுடையதைப் படித்தேன்.

கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. தலைவலிக்கு முன்னால் இப்படிப் பார்வையில் மினுங்கல் வருகிறவர்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும் என்று. அதைத் தாண்டிக் கீழே போனேன். திரும்ப மேலே வந்தேன்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மகளுக்குத் தாய்ப்பால் நிறுத்திய பிறகு கணவரும் நானும் பேசி முடிவெடுத்தது அது. எனக்கு பி.எட். முடிக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டாமென்று இல்லை, இப்போது வேண்டாம். பெங்களூரில் மெடிக்கல் கடையில் கேட்டு அவரே வாங்கி வருவார். இங்கே வாங்கினால் அட்டை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிடும். நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அத்தை கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்கலாம். வியாழக்கிழமை தோறும் எங்கள் லைனில் ஏதாவது ஒரு வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக்குறிப்பைச் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மூட்டுவலி, வீட்டுப் பட்டா. அத்தை ஒவ்வொரு வாரமும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்: "என் மருமகளுக்கு ஆண்டவர் ரெண்டாவது கர்ப்பத்தின் கனியைக் குடுக்கணும்." அத்தனை பேரும் முழங்காலிட்டு, கண்ணீர் விட்டு, சத்தமாகக் கேட்பார்கள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து மாத்திரையை விழுங்குவேன்.

அந்த வாரம் என் தலைவலியும் ஜெபக்குறிப்பில் சேர்ந்துகொண்டது. ஜெபம் முடிந்து டீ வந்ததும் வைத்தியம் ஆரம்பித்தது.

"பித்தம்தான். எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளி."

"அய்ய, அதெல்லாம் இல்ல. கண்ணாடி போட்டா சரியாயிடும். எப்பப் பாரு போன நோண்டிக்கினே கீது."

"ஒருவேளை விசேஷமா இருக்கப்போவுது" என்றார் ஒரு அக்கா, என் வயிற்றைப் பார்த்து. அறை முழுக்க ஒரு சந்தோஷச் சத்தம். அத்தையின் முகம் பிரகாசமானதைப் பார்த்து நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தச் சந்தேகத்திலேயே அத்தை என்னை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். விசேஷம் இல்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. கண்ணில் டார்ச் அடித்தார். நான் மினுங்கலை விவரிக்க ஆரம்பிக்கும்போது வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. அவர் எழுதிக்கொண்டே கேட்டார், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

"ஒன்னும் இல்ல டாக்டர்" என்றார் அத்தை. "சத்து மாத்திர குடுத்தாக்கூட துன்ன மாட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் சொல்லியிருக்கலாம். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், வந்துவிட்டோம்.

அதன் பிறகு நிம்மதி என்பதே இல்லை. நிறுத்திவிடலாமா? அட்டையின் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? கர்ப்பமாகிவிட்டால் படிப்பு என்ன ஆகும்? நிறுத்தாமல் பக்கவாதம் வந்தால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? இணையத்தில் எழுதியதெல்லாம் எனக்குத்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? கணவருக்கு அவர் ரயிலில் இருக்கும்போது குழாயடியிலிருந்து போன் செய்தேன், வீட்டில் அத்தை காதில் விழாமல் பேச முடியாதே. அங்கே அவரால் பேச முடியவில்லை. அந்தப் பெட்டி முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள், பாதிப் பேருக்கு அத்தையைத் தெரியும்.

"டாக்டர்கிட்ட சொல்லவா?"

"ம்."

"அத்தை கூட வருவாங்களே."

"ம்ம்... அப்புறம் பாக்கலாமே. நெட்ல எல்லாத்துக்கும் பயமுறுத்தித்தான் போடுவான்."

அப்புறம் பார்க்கலாம் என்பது எனக்கும் வசதியாக இருந்தது. அன்றும் மாத்திரையை விழுங்கினேன்.

மூன்றாவது தடவை மினுங்கலோடு நிற்கவில்லை. வலது கை விரல்களில் எறும்பு ஊர்ந்தது. அது மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி உதட்டுக்கு வந்தது. மகள் வாசல்படியில் இறங்கப் போனாள். "போகாதே, அங்கேயே நில்லு" என்று கத்த நினைத்தேன். வாயிலிருந்து வேறெதுவோ வந்தது, சொல்லே இல்லாத ஒன்று. குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது, நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. அத்தை சிரிக்கவில்லை. கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என் தாடையைப் பிடித்தார்.

"இன்னாடி ஆச்சு? பேசு. என்னப் பாத்துப் பேசு."

கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோவில் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க என் வலது கையை அழுத்திக்கொண்டே வந்தார். "இது தெரியுதா? இது தெரியுதா?"

பெண் டாக்டர். கன்னடத்தில் பேசினார். விரலைக் காட்டி எண்ணச் சொன்னார், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு அந்தக் கேள்வி.

"பேரே மாத்ரே ஏனாதரூ தகோத்தீரா?"

வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்றுதான். எங்கள் ஊரில் ஒரு கஷ்டம் உண்டு. ரகசியம் சொல்ல ஒரு மொழிகூட மிச்சம் கிடையாது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆங்கிலத்தில் முயன்றேன்.

"மேடம், கேன் ஐ டாக் டு யூ அலோன்?"

"அலோனா?" என்றார் அத்தை. கான்வென்ட் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் ஆயாவாக இருந்தவர். "ஏன், நான் இன்னா வெளியாளா?"

டாக்டர் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அத்தை எழுந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மறுபடி வைத்தார், பையை எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

"எனக்குத் தெரியாம மறைக்கிற அளவுக்கு இன்னா வியாதிடி? உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியுமா? தலையில கட்டியா?"

இந்த நினைப்போடு அவரை அந்தக் கதவுக்கு வெளியே உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

"கட்டி இல்ல அத்தை. குழந்தை வேணாம்னு மாத்திரை சாப்பிடறேன்" என்றேன். டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை அவரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். டாக்டருக்கும் தமிழ் புரிந்தது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

எந்த மாத்திரை, எவ்வளவு காலமாக, மினுங்கல் தலைவலிக்கு முன்னால் வருகிறதா பின்னாலா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். இது ஒருவகை ஒற்றைத் தலைவலி, தனியாக இருந்தால் பயமுறுத்துமே தவிர பெரும்பாலும் கெடுதல் செய்யாது என்றார். ஆனால் இந்தத் தலைவலி இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூளையில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், இன்றோடு நிறுத்துங்கள், குழந்தையைத் தள்ளிப்போட வேறு வழிகள் இருக்கின்றன, அடுத்த முறை கணவரோடு வாருங்கள். கை மரத்ததால் ஸ்கேனும் எழுதினார். அதில் ஒன்றுமில்லை என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. அன்றைக்கு முதலில் கண் பிரிவுக்குப் போகச் சொன்னார். தலைக்குள் அழுத்தம் இருந்தால் கண்ணின் பின்பக்க நரம்பு வீங்கியிருக்குமாம்.

கண் பிரிவில் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் அத்தை என் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் நடுவில் பையை வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் போன் போடும் சத்தம் கேட்டது.

"ஏன்டா, பொண்டாட்டிக்கு வாய் கோணிக்கினாலும் பரவால்ல, அம்மா வாய்க்குத்தான் பயமா உனக்கு?" என்றார். மறுமுனையில் கணவர் ஏதோ சொன்னார். "சும்மா இரு. ஊரே முட்டி போட்டுக் கேட்டுக்கினு கீது. மேல இருக்கறவரு எங்க பேச்சக் கேப்பாரா, நீ வாங்கியார மாத்திரையப் பாப்பாரா? அவரை இன்னா பாடு படுத்திட்டீங்க ரெண்டு பேரும்?"

பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

கண் டாக்டர் பளீரென்ற வெளிச்சத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், என் காதைப் பார். நரம்பு நன்றாக இருக்கிறது, வீக்கம் இல்லை என்றார். அத்தை "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். சொட்டு மருந்தின் வேகம் குறைய சாயங்காலம் ஆகும், அதுவரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று அனுப்பினார்கள்.

வெளியே வெயில். இந்த முறை மங்கலுக்குக் காரணம் தெரியும், பயம் மட்டும் பழையதுதான். ரோடு ஒரு வெள்ளைப் பாலாக இருந்தது, ஆட்கள் அதில் நிறங்களாக மிதந்தார்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். என் முழங்கைக்கு மேலே ஒரு கை இறுகப் பிடித்தது.

"படி" என்றார் அத்தை. இறங்கினேன். "இன்னொன்னு."

நடந்தோம். அவர் தேவையானதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. "கல்லு." "சாணி." "வண்டி நிக்குது, இந்தாண்ட வா." மாத்திரை ஆரம்பித்த இந்த ஏழு மாதமாக அவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அப்போதே சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. படிப்பைப் பற்றி, முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்குள் உட்கார்ந்துவிட்ட பயத்தைப் பற்றி. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியவில்லை.

"அத்தை, என் மேல ரொம்பக் கோவமா?"

கை இன்னும் இறுகியது.

"பஸ்ஸு வருது" என்றார். "நில்லு."