மலை பார்க்காத டிரைவர்

வண்டி நின்றதும் கீழ்டிரைவர் உடனே இறங்குவதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் துடைக்கிறார். தன் வேர்வை பட்ட இடத்தில் அடுத்தவன் கை வைக்கக் கூடாதாம். பிறகு எழுந்து இருக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கிறார். அடுத்து உட்காரப்போகிறவர் இவரைவிடக் குள்ளம். இந்த உபசாரமெல்லாம் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்துகொண்டு கீழே குதிக்கிறார். குதிக்கிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தத் தொப்பையோடு அதை இறங்குவது என்று சொல்வதே அதிகம்.

இதெல்லாம் மலையடிவாரத்து டீக்கடை வாசலில் நடப்பது. இது பகல் வண்டி. விடிந்ததும் கீழே நகரத்தில் கிளம்பி, பொழுது சாயும்போது மலை மேலிருக்கும் ஊருக்குப் போய்ச் சேரும். மறுநாள் வந்த வழியே திரும்பும். தூரம் அதிகம் என்பதால் இரண்டு டிரைவர்கள். சமவெளி முழுக்க இவர் பொறுப்பு, மலை முழுக்க இன்னொருவர் பொறுப்பு. அதனால் பயணிகள் வாயில் இவர் கீழ்டிரைவர், அவர் மேல்டிரைவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரமாக இருக்கும் பலகையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கீழ்டிரைவருக்கு அது விதியல்ல, வரம்.

நான் இந்த வண்டிக்கு வாரம் தவறாத வாடிக்கை. மேலேயிருக்கும் ஆஸ்பத்திரிகளில் எடை பார்க்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. பயணம் எனக்குப் பிடிக்காது. முதுகு வலிக்கும், வயிறு புரட்டும், பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தலையணையாக்கிக்கொள்வார். இதிலிருந்து தப்பிக்க முதல் வரிசையில் ஒற்றை இருக்கையைப் பிடித்துக்கொள்வேன். கீழ்டிரைவர் தூங்கும் பலகை கை நீட்டினால் எட்டும். ஆக, அவர் மனைவிக்கு அடுத்தபடியாக அவர் தூங்குவதை அதிகம் பார்த்தவன் நான்தான்.

அடுத்தபடியாக என்பதும் தவறு. ஒருமுறை அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க அந்த அம்மாள் வண்டிக்கே வந்திருந்தார். இவர் எப்படித் தூங்குகிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இவரா? வீட்டுல படுத்தா விடியவிடிய உருண்டுக்கிட்டே கிடப்பாரு. தண்ணி மோட்டார் போட்டாத்தான் கொஞ்சம் கண் அசருறாரு. தொட்டி வழிஞ்சு வாசலெல்லாம் ஓடும். எழுந்து நிறுத்த எனக்கும் மனசு வராது" என்றார். எஞ்சின் உறுமினால்தான் அவருக்குத் தாலாட்டு. மேலே கம்பெனி கொடுத்திருக்கும் அறையிலும் அதே கதைதான். மேல்டிரைவர் போன வேகத்தில் சுருண்டுகொள்வார். இவர் கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்துவிட்டு, காலையில் வண்டி மலையிறங்கத் தொடங்கியதும் கும்பகர்ணனாகிவிடுவார்.

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை வருஷமாக இந்த வழியில் போய்வருகிற மனிதர் மலையைப் பார்த்ததில்லை. அடிவாரம் தெரியும், உச்சி தெரியும். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். "அருவி ஒண்ணு இருக்காமே சார், பெருசா?" என்று என்னிடமே விசாரித்திருக்கிறார். மேல்டிரைவரும் லேசுப்பட்டவரல்ல. சமவெளியிலிருக்கும் பெரிய பாலத்தை அவர் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குவார் என்றாகிவிட்டதால் இவர்களுடைய சிநேகிதமே அந்த டீக்கடை பெஞ்சில்தான் வளர்ந்திருக்கிறது. மச்சான், மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் வீட்டில் யார் பெண்ணெடுத்தது என்று கேட்டேன். ஒருவருமில்லை. "கட்டிக்கொடுக்க ரெண்டு பேருக்கும் தங்கச்சி இல்ல சார், இருந்திருந்தா இந்நேரம் சண்டை வந்திருக்கும்" என்றார் கீழ்டிரைவர். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கீழே நடந்ததைச் சொல்வார். பாலத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, புது பெட்ரோல் பங்க் ஒன்று வந்திருக்கிறது. மேல்டிரைவர் மலைச் செய்தி சொல்வார். எங்கே மண் சரிந்தது, எந்தக் குரங்கு யார் பையைப் பிடுங்கியது. இருவரும் மற்றவருடைய சாலையைத் தொடர்கதை மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்கள். டீ ஆறிப்போகும். கடைக்காரர் வேறு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையிலடித்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மலைப்பாதையில் மேலிருந்து ஒரு பாறை உருண்டு வந்தது. மேல்டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். பாறை தப்பியது. வண்டி பள்ளத்துப் பக்கத்துத் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறலில்லை. பலகையிலிருந்து கீழ்டிரைவர் மட்டும் தலையணையோடு உருண்டு என் காலடியில் வந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்து, "டீக்கடை வந்திடுச்சா?" என்று கேட்டார். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் வண்டியே சிரித்தது. மேல்டிரைவர் மட்டும் இறங்கிப்போய், கைகளைத் தொடைக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி விசாரித்து, அவர்மேல் தவறில்லை என்றது. வேண்டுமானால் ஆபீசில் உட்காரும் வேலை தருகிறோம் என்றும் சொன்னது. அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று டீக்கடையில் என்னிடம் சொன்னார். அப்போது கீழ்டிரைவர் முகம் கழுவப் போயிருந்தார். "அந்த இடம் வரும்போது கை இன்னும் நடுங்குது சார். ஆனா பின்னாடி அவன் குறட்டை கேக்குது பாருங்க, அப்ப சரியாயிடுது. அவன் நிம்மதியாத் தூங்குறான்னா நான் ஒழுங்கா ஓட்டுறேன்னுதானே அர்த்தம்? அவனே முழிச்சுக்கிட்டுக் கிடந்தா, அன்னிக்கே சாவியை வச்சிட்டு இறங்கிடுவேன்."

அன்றைக்கே வண்டி மலையேறும்போது தற்செயலாகப் பலகைப் பக்கம் பார்த்தேன். திரைக்கு வெளியே கீழ்டிரைவரின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே குறட்டை. வளைவு வந்தது. அவருடைய வலது கால் பலகையின் ஓரத்துச் சட்டத்தை அழுத்தியது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. அடுத்த வளைவில் மறுபடி அழுத்தியது. படுத்துக்கொண்டே பிரேக் போடுகிறார் மனிதர். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவருடைய நிஜக் குறட்டை இரைந்து, இழுத்து, கடைசியில் ஒரு விசிலோடு முடியும். இது பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே சீராக இருந்தது. குனிந்து திரை ஓரமாகப் பார்த்தால், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் திறந்திருக்கின்றன. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். குறட்டையை மட்டும் நிறுத்தவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. பாறை விழுந்த நாளிலிருந்து இப்படித்தானாம். "மனசு அவனை நம்புது சார். உடம்பு நம்ப மாட்டேங்குது. கண்ணை மூடினா உருண்டு விழுற மாதிரியே இருக்கு." அதை மேல்டிரைவரிடமே சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் அவன் இறங்கிவிடுவான், ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் செத்துப்போவான் என்றார். "அவன் இறங்கிட்டா நான் மட்டும் ஓட்டிடுவேனா?" என்று இன்னொன்றும் சொன்னார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நட்பு பெரிதுதான். ஆனால் பலகையில் தூங்காதவர் மறுநாள் சமவெளியில் வண்டியோட்ட வேண்டும். ரத்தச் சிவப்பான கண்களோடு அவர் கொட்டாவி விடுவதை முதல் இருக்கையிலிருந்து பார்த்தவன் நான். எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. வழி முழுக்க வாய் ஓயாமல் எதையாவது பேசி அவரை விழிக்கவைத்தேன். எடைக் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுவதும் இப்போது அவருக்கும் தெரியும்.

போன வாரம் குட்டு உடைந்தது. உடைத்தது நானல்ல, அவரேதான். சமவெளியை ஓட்டி முடித்து, டீக்கடையில் இறங்கி, சாவியை மேல்டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் நான். மேல்டிரைவர் ஏதோ மலைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார், மழை நின்றதும் வீடு கட்டுகிற வேலையெல்லாம் சூடுபிடித்துவிட்டதாக.

"ஆமா மாப்ளே" என்றார் கீழ்டிரைவர், டீயை ஊதிக்கொண்டே. "அந்த ரெண்டாவது வளைவுல ஒருத்தன் மாடி எழுப்புறானே, சுவரே கோணலா நிக்குது. கொத்தனார் கண்ணு தெரியாதவனா?"

மேல்டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதை நீ எப்பப் பார்த்தே?"

கீழ்டிரைவர் என்னைப் பார்த்தார். நான் என் டீக்குள் பார்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று எதையோ மென்று விழுங்கினார். மேல்டிரைவர் விடவில்லை. வண்டி ஓட்டும்போது கீழ்டிரைவர் போடுவது சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரே வருவது மாடா லாரியா என்று அவருக்குத் தெரியாது. இது மேல்டிரைவருக்குத் தெரியாதா?

"கண்ணாடி இல்லாட்டி உனக்கு என் மூஞ்சியே தெரியாது மச்சான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டா கனவு கண்டே?"

கீழ்டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

"பாறை விழுந்ததுலேருந்து."

"அப்ப அந்தக் குறட்டை?"

"அதுவும் நான்தான்."

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மேல்டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல், இருவருக்கும் நடுவில், அதாவது என் பக்கத்தில் வைத்தார். நீயே மேலேயும் ஓட்டு, இல்லாவிட்டால் ஆபீசுக்கு போன் போடு, வேறு ஆள் வரட்டும் என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயணிகள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "அண்ணே, எப்பக் கிளம்பும்?" என்று இருவருக்கும் பொதுவாகக் கேட்டாள். இதோ கிளம்பிவிடும் என்று நான்தான் அவளை அனுப்பிவைத்தேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

"பயம்தான் மாப்ளே" என்றார் கீழ்டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "உன்மேல இல்லன்னு சொன்னா அது பொய். நீ அன்னிக்கு ஒடிச்ச ஒடிப்புலதான் நாம எல்லாரும் இங்க உக்காந்து டீ குடிக்கிறோம். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் தூக்கம் வரல. நான் என்ன செய்யட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா இறங்கிடுவே."

"இப்ப மட்டும்?"

கீழ்டிரைவர் எழுந்தார். பெஞ்சிலிருந்த சாவியை எடுத்தார். ஒரு கணம் அவரே ஓட்டப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். நேற்றும் தூங்காத, முந்தாநாளும் தூங்காத மனிதர் மலையேறினால் என்னாகும்? அவர் மேல்டிரைவரின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"இன்னிக்கும் தூக்கம் வருமான்னு தெரியாது" என்றார். "வரலேன்னா குறட்டை விட மாட்டேன்."

பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, மேல்டிரைவரின் சட்டைப்பையில் செருகினார். வண்டியின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே நடந்து, படி எங்கே இருக்கிறதென்று காலால் துழாவிப் பிடித்து ஏறி, உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.