திருப்பிக் கொடுத்த பழம்

முதலில் தெரிந்தது செருப்பு வாரின் தடம். பூண்டுக்காட்டிலிருந்து வந்து கழற்றிப் போட்டால், மறுநாள் காலை வரை காலில் அப்படியே பதிந்து கிடக்கும். குளிர் வீக்கம் என்று விட்டுவிட்டேன். கொடைக்கானலில் இரத்தம் சோதித்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவு) எகிறியிருந்தது. அன்றிலிருந்து வாரம் இருமுறை மலையிறங்கி டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது).

"வாழைப்பழத்த மறந்துடுங்க. பொட்டாசியம் ஏறிடும்," என்றார் டாக்டர். பொட்டாசியம் (உணவிலுள்ள ஒரு தாது) கூடினால் இதயமே நின்றுவிடலாமாம்.

பண்ணைக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்கா, ஞாயிறுதோறும் பையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வருவாள். அதே பையில் நான் பூண்டு போட்டுக் கொடுப்பேன். எங்கள் பக்கம் வந்த பை வெறுமையாகத் திரும்பக் கூடாது. பல வருடங்களாக இப்படித்தான். எங்களுக்குள் பேச்சு குறைவு, பைதான் பேசியது.

நோயைச் சொன்னேனே தவிர, பத்தியத்தை அவளிடம் சொல்லவில்லை. பழத்தை என் மனைவி அக்கம்பக்கம் கொடுத்துவிடுவாள். ஒரு ஞாயிறு, ஊசி குத்திய கை வீங்கி, தண்ணீரையும் அளந்து குடிக்கிற எரிச்சலில் இருந்தேன். அக்கா பழத்தை உரித்தே நீட்டினாள்.

"என்னயக் கொல்லணும்னே கொண்டு வர்றியா?"

"எனக்கு என்ன தம்பி தெரியும்? நீ சொன்னாத்தானே தெரியும்," என்றாள்.

சீப்பை அவள் பையிலேயே திணித்துக் கையில் கொடுத்தேன். பூண்டு போடவில்லை. அதற்கு வெறும் பையே எவ்வளவோ மேல்.

பிறகும் இரண்டு முறை வந்தாள். கையில் பை இல்லை. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "வெரசாப் போகணும், பஸ்ஸு போயிரும்," என்று எழுந்துவிட்டாள். அப்புறம் வரவில்லை. நான் போயிருக்கலாம். உடம்பைச் சாக்குச் சொன்னேன், உண்மையில் வீம்பு.

மாரடைப்பில் போய்விட்டாள். டயாலிசிஸ் முடிந்த கையோடு ஓடினேன். முகம் பார்க்க மட்டும் முடிந்தது.

அவள் மகள் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமையானா அம்மா வெள்ளனே எந்திரிச்சுப் பைய எடுப்பாங்க மாமா. 'அவனுக்கு என்னத்தடி கொண்டு போறது'ன்னு கேப்பாங்க. எனக்கும் தெரியல. திரும்ப மடிச்சு வச்சுருவாங்க."

சாப்பிடக்கூடியவற்றின் பட்டியலும் டாக்டர் தந்த பத்தியத் தாளிலேயே, மறுபக்கம் இருந்தது. ஆப்பிள், பேரிக்காய், முட்டைக்கோஸ். அதை ஒரு தடவை வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். சாப்பிடக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். கொடுப்பதைக் கையில் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை.

என் வாரத்தில் இப்போது செவ்வாயும் வெள்ளியும்தான் உண்டு. நடுவில் உள்ள நாட்களில் உடம்பு மெல்ல மெல்ல ஊதுகிறது. முன்பு ஞாயிறு என்று ஒன்றும் இருந்தது.

இந்தப் போகம் பூண்டு நன்றாக விளைந்தது. பழக்கத்தில் அவள் பங்கையும் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். காய்ந்து, புகையேறி, தயாராக இருக்கிறது. பைதான் வரவில்லை.