கூட்டுப்படைக்குப் போன மாப்பிள்ளை

டென்மார்க்கில் இருக்கும் என் அக்காவின் மகன் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, பல நாட்டுக் கூட்டுப்படையோடு ஆப்கானிஸ்தானுக்குப் போய்விட்டான். டென்மார்க்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சமாதானம் காக்கப் போகிறானாம். சமாதானம் காக்க எங்கள் ஊருக்கு வந்தவர்களையும் நாங்கள் கண்டவர்கள்தான். எங்கள் நாட்டு ஆமி பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பதினெட்டு வயதில் என்னை ஊரைவிட்டுத் துரத்தியவள் அக்கா. அவள் பெற்றது தானாகவே போய் ஆமியில் கையெழுத்து வைத்திருக்கிறது.

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை," என்றாள் போனில். "கேட்டால் வேலை விசயமாப் போட்டான் எண்டு சொல்லு."

அதைச் சொன்னதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் இருக்கும் மல்வேர்னில், எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி அக்காவின் மகனைப் பற்றி விசாரித்தபோது, "அரசாங்க வேலை அன்ரி, வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கினம்" என்று கௌரவத்துக்குக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். எங்கள் சனத்திடம் அரசாங்க வேலை என்று வாய் திறக்கலாமா? அந்தக் கிழமையே பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து ஒரு பெண்ணின் சாதகத்தை அன்ரி கொண்டுவந்து தந்தார். பிறகு நாள் தவறாமல் அவரிடமிருந்து போன். பொடியன் பிறந்த நேரம் என்ன, நட்சத்திரம் என்ன, செவ்வாய் இருக்கோ. வேலைக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி செவ்வாய் தோஷத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தலை வெடித்தது.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. "அன்ரி, அவன் ஆமியில நிக்கிறான்," என்றேன்.

"எங்கட பிள்ளையோ? ஆமியிலயோ?" என்றார். பிறகு, "அந்தச் சாதகத்தைத் திருப்பித் தாங்கோ தம்பி."

ரகசியத்தை உடைத்ததற்கு ஏச்சு வாங்கத் தயாராக அன்றே அக்காவை அழைத்தேன். அவள் ஏசவில்லை. சம்பந்தம் வந்ததோ போனதோ அவள் காதில் ஏறவே இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை வீடியோவில வந்தவன் தம்பி. யூனிபோமோட, தோளில துவக்கோட," என்றாள். "கண்ட உடனே கட் பண்ணிப்போட்டன். திரும்பவும் ரெண்டுதரம் எடுத்தவன். நான் ஆன்சர் பண்ணேல்லை."

"உனக்கென்ன விசரோ அக்கா? அவன் உன்ர பிள்ளையெல்லோ," என்று சத்தம் போட்டேன்.

"தெரியும்," என்றாள். "பெத்த பிள்ளையைக் கண்டு பயந்திட்டன். இண்டைக்கு வெள்ளி. பிறகு அவன் எடுக்கவே இல்லை."