சுவரில் வரைந்த பச்சை மிளகாய்

"கர் நம்பரு போடு நைனா. அப்பாலதான் சோறு" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார் ஞானம்மா. பசியோடு நிற்கும் வடநாட்டு ஆள் விழிக்கிறான். அவர் கரண்டியால் சுவரைக் காட்டுகிறார். ஆணியில் கயிறு கட்டி ஒரு மார்க்கர் பேனா தொங்குகிறது. சுவர் முழுக்கத் தொலைபேசி எண்கள்.

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை அது. சுற்றியுள்ள இரும்பு ஆலைகளில் வேலை செய்யும் ஆட்கள்தான் வாடிக்கை. 'கர்' என்றால் இந்தியில் வீடு. ஞானம்மாவுக்குத் தெரிந்த மொத்த இந்தியும் பத்துச் சொல்லுக்குள் அடக்கம். அதில் பாதி வசவு.

எழுத்து வராது, எண்கள் மட்டும் தெரியும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த ஆள் சாப்பிடும் விதத்தைப் படமாகப் போட்டு வைத்திருக்கிறார். முட்டை கேட்பவனுக்கு முட்டை. ரசத்தை வாங்கிக் குடிப்பவனுக்கு டம்ளர். வட்டத்துக்குள் வட்டமாக இருந்த ஒன்றைக் காட்டி இது யார் என்று கேட்டேன். "வெங்காயங்க. அதுகூடத் தெர்லியா? நல்லா படிச்சீங்க போங்க" என்றார்.

இந்த வழக்கம் நான்கு வருடமாகத்தான். அப்போது ஓர் ஆலையில் மின்சாரம் தாக்கி ஒருவன் செத்துப்போனான். ஊர் பேர் சொல்ல ஆளில்லாமல் பதினெட்டு நாள் பிணவறையில் கிடந்தான். பிறகு அநாதைப் பிணம் என்று புதைத்துவிட்டார்கள்.

"ரெண்டு வருசம் என் கையாலதான் துன்னான். உன் ஊடு எங்கடான்னு ஒரு தபா கேட்டிருக்கேனா? கேட்டா எனக்கு இன்னா கொறைஞ்சிடும்?"

அதைச் சொல்லும்போது அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் உலை வெடித்து இன்னொருவன் போனான். அவன் செல்போனும் கூடவே கருகிவிட்டது. ஒப்பந்தக்காரர் வைத்திருந்த ஆதார் நகல் வேறு யாருடையதோ. விலாசம் தெரியாது என்று எழுதிக்கொடுத்துக் காரியத்தை முடித்துவிட அவர் அவசரப்பட்டார். விஷயம் காதில் விழுந்ததும் ஞானம்மா சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சுவரருகே போனார். தினமும் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறவன் அவன். மிளகாய்ப் படத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்திலிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினார்.

எடுத்தது அவன் மனைவி. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, அவள் மொழி தெரிந்த ஆள் ஒருவர் போனை வாங்கிச் செய்தியைச் சொன்னார். சொன்ன கையோடு போனை ஞானம்மாவிடம் திணித்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுமுனையில் அழுகை. வைத்துவிட இவருக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணன்காரன் ரயிலேறி வந்து உடலை ஊருக்குக் கொண்டுபோனான். முகத்தில் பாதிதான் மிச்சம். அதையாவது அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

"உனக்கெதுக்கு இந்தப் பேஜாரு?" என்று கத்திவிட்டுப் போனார் ஒப்பந்தக்காரர். அவருடைய ஆட்கள் முப்பது பேர் இப்போது இங்கே சாப்பிட வருவதில்லை.

அந்தப் பெண் இன்னமும் கூப்பிடுகிறாள். அவள் பேச்சில் ஒரு சொல்லும் இவருக்குப் புரியாது. "அவன் சோறு துன்ன எடம்னு பேசிக்கினு கீது. பேசட்டும், பாவம்" என்கிறார்.

வியாழக்கிழமை நான் போனபோது மதியம் இரண்டு மணி. ஷிப்ட் விட்ட நேரம். தட்டும் கையுமாக இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். போன் அடித்தது. ஞானம்மா எடுத்துப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டார். "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ம்". வரிசை அப்படியே நின்றது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.