லதீஃபாவின் இரண்டாம் படி

மட்டாஞ்சேரியில் லதீஃபாவின் சந்துக்கு வெள்ளம் வானத்திலிருந்து வருவதில்லை, ஓடையிலிருந்து வரும். விருச்சிகம், தனு மாதங்களில், அதாவது கார்த்திகை, மார்கழியில், விடியற்காலை கடல் ஏறினால், காயல் தண்ணீர் ஓடை வழியே பொங்கி வாசலுக்கு வந்துவிடும். வார்டுக்காரர்கள் எல்லார் மொபைலுக்கும் எச்சரிக்கை அனுப்புவார்கள். லதீஃபாவுக்கு எழுத்து தெரியாது. தெரியாததில் வெட்கமும் கிடையாது. சந்தே தன் வாசலைப் பார்த்துத்தான் பிழைக்கிறது என்று அவளுக்கு அவ்வளவு நினைப்பு.

நினைப்பில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அவள் வீட்டு இரண்டாம் படியைத் தண்ணீர் தொட்டதும் சோற்றுத் தட்டில் கரண்டியால் அடிப்பாள். பதினெட்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குத்தான் சந்தில் ஃப்ரிட்ஜ் மேசைமேல் ஏறும், அரிசிச் சாக்கு பரணுக்குப் போகும். கடைசி வீட்டு அம்மிணி ஆள் கூப்பிட்டு, பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர் அப்புவின் தாழ்ந்த கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுப்பாள். சந்திலேயே பள்ளம் அவள் வீடுதான்.

போன மழைக்கு முன் லதீஃபா வீட்டை உயர்த்தினாள். பழைய படிகளை உடைத்துவிட்டு, பளபளவென்று மூன்று கிரானைட் படி. ஒவ்வொன்றும் முன்னைவிட உயரம். ஏறினால் முட்டி கத்தும். பார்ப்பவர்கள் “ஹாஜியார் வீடு மாதிரி இருக்கே” என்றார்கள். அதற்காக முட்டியைக் கத்தவிட்டாள்.

தனு மாத அமாவாசையன்று விடியற்காலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு, சாயா கிளாஸோடு வாசலில் உட்கார்ந்தாள்.

“மாமி, தண்ணி வந்தாச்சு. தட்டை அடிங்க” என்றாள் மருமகள் ஜஸ்னா.

“ரெண்டாம் படியைத் தொடட்டும். பதினெட்டு வருஷமா பார்க்கிறவ நானா, நீயா?”

“ரோட்டையே காணலையே!”

“ரோடு எங்கே போகும்? அடியிலதான் கிடக்கும். இன்னொரு சாயா போடு.”

இரண்டாவது சாயா பாதியில் இருக்கும்போது அம்மிணியின் அலறல் வந்தது. “லதீஃபாத்தா! உறங்கிட்டீங்களா? இவரு மெத்தை நனைஞ்சாச்சு!”

லதீஃபா குனிந்து பார்த்தாள். இரண்டாம் படிக்கு நாலு விரல் கீழே தண்ணீர் சாவதானமாக நின்றது. படியை உயர்த்திய மகராசி, கடலையும் கூடவே உயர்ந்துகொள்ளச் சொல்ல மறந்திருந்தாள்.

சேலையைச் செருகிக்கொண்டு, கையிலிருந்த சாயா கிளாஸோடேயே மருமகளோடு ஓடினாள். மூன்று பெண்களும் கட்டிலைத் தூக்கிச் செங்கல் வைத்தார்கள். நடுங்கிக்கொண்டிருந்த அப்பு, லதீஃபா ஜன்னலில் வைத்த கிளாஸையே பார்த்தார். கோணிய வாயால், “ஆத்தா... எனக்குச் சாயா இல்லையா?” என்றார்.

“கிரானைட்டுக்காரன் ஏமாத்திட்டான்” என்று சொல்லிப் பார்த்தாள் லதீஃபா. ஜஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“படி கட்டினது அவன். பார்த்துட்டு உட்கார்ந்திருந்தது யாரு?” என்றாள் அம்மிணி.

அன்று மத்தியானமே லதீஃபா சிவப்புப் பெயின்டோடு வந்து, அம்மிணியின் நிலைக்காலில் அடியோரமாகக் கோடு போட்டாள். தட்டையும் கரண்டியையும் அவள் கையில் திணித்தாள். “இனி நீயே அடி.”

அடுத்த முறை கடல் ஏறியபோது அம்மிணி அடித்தாள். லதீஃபாவின் முதல் படிகூட நனைந்திருக்கவில்லை. ‘இவளுக்கு என்ன இத்தனை அவசரம்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய், கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள்.