சம்பூருக்குப் போக வேண்டிய மூக்குக்கண்ணாடி

நானும் வாப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அவருடைய பயணப்பெட்டியின் பாரம் பார்த்தது. துபாயில், என் அறையில். கைத்தராசு முப்பது புள்ளி நாலு கிலோ காட்டியது. அனுமதி முப்பது. நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்துச் சோடியை எடுத்து வெளியே வைக்கப் போனார். சிவப்பு நூல் சுற்றிய சிறு பொதியில் நான் கை வைத்தேன்.

"அதத் தொடாத மகன். அது ஆக்கள்ற சாமான்."

சப்பாத்துத்தான் துபாயில் நின்றது.

வாப்பா முனீப், மூதூர்–திருகோணமலை லோஞ்சுப் படகில் முப்பத்திரண்டு வருடம் சுக்கான் பிடித்தவர். துறையில் ஆட்கள் கொடுக்கும் மருந்து, கடிதம், கருவாடு எல்லாவற்றையும் அக்கரையில் சேர்ப்பார். பெயர் எழுதமாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நூல், அதுதான் அடையாளம்.

நான் துபாய் மெட்ரோவில் ரயில் கதவுகளைப் பராமரிப்பவன். என்னைப் பார்க்க வாப்பா வந்த மறுநாள் அவரை ரயிலின் முன்பெட்டியில் ஏற்றினேன். ஓட்டுநர் இல்லை என்றதும் சிரித்தார்.

"சுக்கானில ஆளில்லாம இத்தன சனத்த ஏத்திப் போட்டானுகள். நல்ல நம்பிக்க!"

பக்கத்தில் நின்ற பிலிப்பைன்காரருக்கும் சுக்கான் திருப்புவதுபோல் கையால் காட்டினார். அவரும் சிரித்தார். ஆறு வருடம் அந்தப் பாதையில் போய்வந்த நான் ஒருவரோடும் கதைத்ததில்லை.

எங்கள் நிலையம் வந்தது. எல்லோரும் கதவுப் பக்கம் நெருக்கினார்கள். நான் இறங்கித் திரும்பினேன். வாப்பா எதிர்ப்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துறை அணையும்போது எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்தால் லோஞ்ச் சரியும். யாராவது மற்றப் பக்கம் நிற்க வேண்டும். கதவு மூடியது. அதன் ஒவ்வோர் ஆணியும் தெரிந்த நான் வெளியே நின்று கையால் தட்டினேன்.

நிலையம் நிலையமாக இறங்கித் தேடினேன். ஒரு மணித்தியாலம். கடைசி நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு பெண்ணோடு.

"எங்க போனீங்க வாப்பா?"

"லைன் எங்க முடியுதெண்டு பாத்தன். இவ மதிவதனா, சம்பூர். நம்மட பக்கம்! இஞ்ச வீட்டு வேல. தாய்க்குக் கண் மங்கலாம்."

அடுத்த வெள்ளி தனியாக மெட்ரோவில் போய், அவள் தாய்க்குச் செய்வித்த மூக்குக்கண்ணாடியை அவளிடம் வாங்கிவந்து, சிவப்பு நூல் சுற்றினார்.

"அவட போன் நம்பர் எடுத்தீங்களா?"

"லோஞ்சில ஏத்தின சாமானுக்கு ஆர் நம்பர் கேட்டது?"

ஊர் திரும்பியவர் புதன்கிழமை தொலைபேசியில் சொன்னார்: "மழ விடட்டும் மகன். நாளைக்குச் சம்பூர் போறன்." வியாழன் சுபஹுத் தொழுகைக்கு அவர் எழும்பவில்லை.

நான் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. குழாயைக் கழற்றிப் பூட்டினேன். ஒழுங்காக ஓடிய மின்விசிறியையும் கழற்றினேன். நேற்று, லோஞ்சில் அவரோடு வேலை செய்த றிகாஸ் காக்கா அலுமாரியில் பொதியைக் கண்டார்.

"சாமான் கரையில கிடக்க முனீப் விடமாட்டாரே?"

நான் விஷயத்தைச் சொன்னேன். "சம்பூரில மதிவதனாட தாய் ஆரெண்டு தெரியுமா காக்கா?"

"எத்தின மதிவதனா இருக்கும்! போய் வீடு வீடாக் கேளு. வாய் திறந்தா முத்து கொட்டிருமா ஒனக்கு?"



இன்று வெள்ளி, வாப்பா போய் எட்டு நாள். ஞாயிறு எனக்கு விமானம். மழை விட்டு இரண்டு நாளாகிறது. மோட்டார் சைக்கிளை இரண்டு தரம் வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்தேன். இப்போது மூன்றாம் தரம் எடுத்திருக்கிறேன். பொதி சட்டைப் பையில். நூலின் முடிச்சு வாப்பா போட்டது. மூக்குக்கண்ணாடி இன்னும் சம்பூர் போய்ச் சேரவில்லை.