பத்தாவது விக்கெட்டும் நான் எழுந்துபோன இருக்கையும்

காலை 4.20. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் செங்கல்பட்டு வண்டி எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. சீட்டு இருபத்தைந்து ரூபாய். பக்கத்தில் என் மனைவி தேவகியின் தம்பி வேலு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், இன்று ஆட்டோவுக்கும் லீவு, அவனுக்கும் லீவு. நான் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். நாற்று விடுகிற நேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்சின் ஐந்தாம் நாள். நாம் ஜெயிக்க இன்னும் ஏழு விக்கெட் வேண்டும்.

இதற்கு முன் இரண்டு தடவை சேப்பாக்கம் போயிருக்கிறேன். ஒரு தடவை மழை. ஒரு தடவை நான் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் நம்மவர்கள் தோற்றுவிட்டார்கள். நம் அணி ஒரு டெஸ்டை ஜெயிப்பதை, கடைசி விக்கெட் விழுவதை, என் இரண்டு கண்ணாலும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. வயது நாற்பத்தாறாகிவிட்டது. இதைச் சொன்னால் தேவகி சிரிக்கிறாள்.

"மாமா, சட்டம் ஞாபகம் கீதுல்ல?" என்றான் வேலு, சாலவாக்கம் தாண்டும்போது.

எங்கள் ஊரில் மேட்ச் பார்க்க ஒரு சட்டம் உண்டு. நமக்குச் சாதகமாக ஏதாவது நடக்கும்போது யார் எங்கே இருந்தாரோ அங்கேயே இருக்க வேண்டும். எழுந்தால் போச்சு. சலூனில் பாதிக் கன்னத்தில் சோப்போடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், நம் ஜோடி ஆடிக்கொண்டிருந்தது என்பதற்காக. சவரம் செய்கிறவரும் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். படித்தவர்கள் சிரிக்கலாம். அன்று நாம் தோற்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

காலை 8.15. செங்கல்பட்டிலிருந்து பார்க் ஸ்டேஷன், அங்கே சாலையைக் கடந்து பறக்கும் ரயில், இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். வாசலில் பையைச் சோதித்தார்கள். தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு, தேவகி கட்டிக்கொடுத்த புளிச்சோற்று டப்பா, எதுவும் உள்ளே போகக் கூடாதாம். சோற்றை எறிய மனம் வருமா? இருவரும் சுவரோரமாக நின்று எட்டரை மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்தோம். டிக்கெட் இருநூறு ரூபாய். வெயில் நேராக முகத்தில் அடிக்கிற வரிசை.

காலை 9.30 முதல் மதியம் 1.15 வரை. உணவு இடைவேளைக்குள் இரண்டு விக்கெட் விழுந்தது. நானும் வேலுவும் தொண்டை கிழியக் கத்தினோம். பிறகு ஆட்டம் கல்லாகிவிட்டது. எதிரணியின் இரண்டு பேர் ரன்னே எடுக்காமல் மட்டையை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ரன் வேண்டாம், சாயங்காலம் வரை நின்றால் போதும். புளிச்சோறு வேறு தன் வேலையைக் காட்டியது. ஒரு மணி நேரம் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"நகராத மாமா!" என்று வேலு என் சட்டையைப் பிடித்தான்.

"விக்கெட்டே விழலையேடா. இதுல நகந்தா இன்னா, நகராட்டி இன்னா?"

கீழே கழிவறைக் கதவைத் திறக்கும்போதே தலைக்கு மேல் கூரை இடிந்த மாதிரி ஓசை. ஆறாவது விக்கெட். நான் பார்க்கவில்லை.

மதியம் 2.50. திரும்பி வந்து உட்கார்ந்ததிலிருந்து மறுபடியும் கல். தேநீர் இடைவேளைக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக் கீழே போனேன். டம்ளரை வாயில் வைத்தேன், ஏழாவது விக்கெட். மேலே ஓடிவந்தபோது வேலு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பின்வரிசையில், வங்கியில் வேலை என்று காலையில் சொன்ன கண்ணாடிக்காரரும் பார்த்தார். நான் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் 3.15. இருபத்தைந்து நிமிடமாக எதுவும் விழவில்லை. கண்ணாடிக்காரர் என் தோளைத் தொட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குத் தாகம் எடுக்கலையா?"

வரிசையே சிரித்தது. வேலு சிரிக்கவில்லை. "மாமா," என்றான் மெதுவாக, "நீ எழுந்தா தான் வியுது. நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்குக் கோபம் வந்தது. தொண்ணூறு கிலோமீட்டர் வந்தது தண்ணீர் குடிக்கவா? ஆனால் சலூனில் சோப்போடு உட்கார்ந்தவன் நான்தான். சட்டம் எனக்கு மட்டும் இல்லையென்று எப்படிச் சொல்வது? எழுந்து போனேன்.

படி முடிந்து மைதானம் திறக்கிற இடத்தில் ஒரு பெண் காவலர், கைப்பிடிக் கம்பியில் முதுகு சாய்த்து, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். ஆட்டம் அவர் முதுகுக்குப் பின்னால். நான் பத்துப் படி கீழே நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அவரும் ஒரு துண்டு வானமும்தான் தெரியும்.

"இன்னாண்ணா, உள்ள போகலையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காததே பெரிய ஆறுதலாக இருந்தது. பேச்சைக் கேட்டதும் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். எங்கள் பக்கத்துத் தென்னேரியாம்.

"அஞ்சு நாளா இங்கதான் டியூட்டி. ஒரு பந்து பாக்கல. உங்க மூஞ்சிங்கள தான் பாத்துக்கினு கீறேன். ஆனா எல்லாம் தெரியும். பந்து போடப் போனா எல்லா வாயும் மூடிக்கும். தப்பிச்சிட்டான்னா கை தலைக்குப் போவும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, மேலே சத்தம் வெடித்தது. எட்டு. இருபது நிமிடத்தில் இன்னொன்று. ஒன்பது. இரண்டையும் முகங்களைப் பார்த்து அவர் எனக்குச் சொன்னார்.

மதியம் 3.50. வேலு படியில் தடதடவென்று இறங்கி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"வா மாமா. ஒண்ணே ஒண்ணு தான் பாக்கி. இத்த நீ பாக்கணும். பாக்காம வூட்டுக்குப் போனா அக்கா என்னைத் தான் கேக்கும்."

போனேன். எனக்கு ஆசை இல்லையா என்ன? உட்கார்ந்தேன். பச்சை மைதானம், ஆட்டக்காரனைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் ஆறு பேர். மூன்றாவது பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுப் பக்கத்தில் நின்ற நம் ஆளின் கைக்கு நேராகப் போனது. நான் எழுந்துவிட்டேன். பந்து கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

முப்பதாயிரம் பேர் சேர்ந்து விட்ட மூச்சு என் முதுகில் பட்டது போலிருந்தது. கண்ணாடிக்காரர்கூட வேறு பக்கம் பார்த்தார். எழுந்தவன் உட்காரவில்லை. வேலு கையைப் பிடித்தான், மெதுவாக விடுவித்துக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன்.

மாலை 4.20. பத்து நிமிட ஆட்டம் பாக்கி. படியில் நின்றபடி அந்தப் பெண் காவலரின் முகத்தையே பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

"திரும்பி ஒரு தடவ பாத்துடும்மா. யாரு கேக்கப் போறாங்க?"

"வேணாம்ணா. நானும் பாக்காம இருந்து தான் ஒம்போதும் வியுந்துச்சு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"வாய மூடிக்கினாங்க," என்றார். "இல்ல, தலைல கை." மறுபடி, "மூடிக்கினாங்க." நான் என் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி அது கையோடு வந்துவிட்டது. "மூடிக்கினாங்க..." என்றவர் கண்ணை அகலத் திறந்தார். "எழுந்துட்டாங்க! அண்ணா, எல்லாரும் எழுந்துட்டாங்க!"

அதன் பிறகுதான் சத்தம் வந்தது. சுவர் அதிர்ந்தது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் பாதி, பார்க்கவில்லையே என்பதில் பாதி. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மாலை 6.00. செங்கல்பட்டு ரயிலில் நிற்கத்தான் இடம். கடைசி விக்கெட் எப்படி விழுந்தது என்று வேலுவைக் கேட்டேன். "சூப்பரா வியுந்துச்சு மாமா," என்றான். போல்டா, கேட்சா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தாம்பரம் தாண்டியதும் விடாமல் கேட்டேன்.

"பேஜாரு பண்ணாத மாமா. நான் கண்ண மூடிக்கினேன். பயமா இருந்துச்சு."

இரவு 8.45. உத்திரமேரூர். ஏரிக்காற்று முகத்தில் பட்டபோதுதான் காலையிலிருந்து வெயிலில் வெந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வீட்டில் தேவகி தோசைக்கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"காலைலேருந்து டிவியவே பாத்துக்கினு இருந்தேன்," என்றாள். "நீங்க தெரிவீங்களான்னு. ஒரு தடவ காட்டினான். தம்பி கண்ண மூடிக்கினு உக்காந்து கீறான், பக்கத்துல சீட்டு காலியா கீது. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. எங்க போனீங்க?"

நான் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அதுக்கப்புறம் கடைசி ஆளு எப்படி அவுட்டானான்? பாத்தியா?"

"பாக்காம? திருப்பித் திருப்பிக் காட்டினானே." கரண்டியை மட்டையாகப் பிடித்து, மாவுப் பாத்திரத்தை ஓரமாக ஒதுக்கி, என் முன்னால் குனிந்து நின்றாள். "பந்து தரைல பட்டு இப்படித் திரும்புச்சு. அவன் காலை முன்னாடி வெச்சான். அது காலுக்கும் கட்டைக்கும் நடுவுல பூந்து, பின்னாடி நடுக்குச்சி அப்படியே படுத்துடுச்சு."

கல்லில் தோசை கருகியது. இன்னொரு தடவை காட்டு என்றேன்.